கயிற்றுப் பங்கு

அத்தியாயம் ஒன்பது

அம்மா அடுப்போடு பேசிக்கொண்டிருந்தாள்.

"கோப்பி ஆறுது. குடிக்கிறவங்க குடிக்கலாம்."

எங்கள் வீட்டில் குடிக்கிறவள் நான் ஒருத்திதான். எடுத்துக் குடித்தேன். திங்கட்கிழமையிலிருந்து இப்படித்தான் நடக்கிறது. எனக்குச் சொல்ல வேண்டியதை அடுப்புக்கோ, வாளிக்கோ, வாசலில் படுத்திருக்கும் பக்கத்து வீட்டுப் பூனைக்கோ சொல்கிறாள். நான் ஒட்டுக்கேட்பதுபோல் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கோபத்துக்குக் காரணம் நான் எழுதிய ஒரு வரி. அதை எழுதியது சரியா தப்பா என்று யோசித்து யோசித்து நான் எந்த முடிவுக்கும் வரவில்லை. அதனால் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

மலாக்காவின் கிளேபாங் கரையில் என் தாய்மாமா தேவதாஸ் கரைவலை வைத்திருக்கிறார். படகு போய் வலையை அரைவட்டமாகக் கடலில் விட்டுவரும். வலையின் இரண்டு முனைகளிலும் கட்டிய கயிற்றைக் கரையில் நின்று இழுக்க வேண்டும். வலது கயிறு ஆண்களுக்கு, இடது கயிறு பெண்களுக்கு. ஆண்கள் மீனவர் கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினர்கள். சங்கம் மீனை விற்று அவர்களுக்குப் பணம் தரும். பெண்கள் உறுப்பினர்கள் அல்ல. அவர்களுக்குக் கிடைப்பது கயிற்றுப் பங்கு.

வலை கரையேறியதும் பெண்கள் தங்கள் தகரத் தட்டுகளை மணலில் வரிசையாக வைப்பார்கள். வலைக்காரர் முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டு, கைக்கு வந்ததை அள்ளி ஒவ்வொரு தட்டிலும் போட வேண்டும். யாருடைய தட்டு என்று பார்க்கக் கூடாது. பெரிய மீனா சிறிய மீனா என்றும் பார்க்கக் கூடாது. பிள்ளைத்தாய்ச்சி கயிறு பிடித்தால் அவளுக்கு இரண்டு தட்டு. வயிற்றில் இருப்பதும் சேர்ந்துதான் இழுக்கிறது என்பது அந்தக் கரையின் கணக்கு. தமிழரோ மலாய்க்காரரோ, முறை ஒன்றுதான். தராசுக்கு அங்கே வேலை இல்லை.

இந்த ஆண்டுதான் தராசு வந்தது. கரையேறும் ஒவ்வொரு மீனையும் சங்கத்துக் கொட்டகையில் நிறுத்து, எந்த மீன் எவ்வளவு என்று தாளில் எழுதி வாரா வாரம் அனுப்ப வேண்டும் என்று மீன் இலாகா சொன்னது. தாள் மலாயில் இருக்கும். நான் மாலை வகுப்பில் மலாய் எழுதப் படிக்கிறேன் என்று மாமாதான் என்னைச் சங்கத்தில் தற்காலிகக் கிராணியாக, கணக்கெழுத, சேர்த்துவிட்டார்.

நான் எதையும் முதலில் பென்சிலால் எழுதி, சரிபார்த்து, பிறகு மையால் எழுதுவேன். அப்படிச் சரிபார்க்கும்போதுதான் ஒன்று உறுத்தியது. கரைக்கு வந்த மீனும் தாளில் இருந்த மீனும் ஒன்றல்ல. தாளின் அடியில் குறிப்பு என்று ஓர் இடம் இருந்தது. அதில் எழுதினேன்: 'பெண்களுக்குக் கொடுத்த பங்கு நிறுக்கப்படவில்லை.'

அது உண்மை. அதனால் எழுதினேன். இலாகாவிலிருந்து பதில் திங்கட்கிழமை வந்தது. தராசில் நிறுக்கும் முன் யாருக்கு மீன் கொடுத்தாலும் அது சங்கத்துக்கு வெளியே விற்றதாகத்தான் கொள்ளப்படும். வியாழக்கிழமை ஓர் அதிகாரி நேரில் வந்து பார்ப்பார். மறுபடியும் அப்படி நடந்தால் சங்கம் கொடுத்த நைலான் வலையைச் சங்கம் திரும்ப எடுத்துக்கொள்ளும்.

மாமா அன்றே முடிவு செய்துவிட்டார். வியாழக்கிழமை முதல் கயிற்றுப் பங்கு கிடையாது. பெண்களுக்கு நாள் கூலி, மாதக் கடைசியில்.

இன்று அந்த வியாழக்கிழமை.

அம்மா தன் தட்டைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். இன்றைக்கு அதற்கு வேலை இல்லை என்று அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். பூனைக்கு மட்டும்தான் தெரியாது. அது மீன் வாசனைக்குத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தது.

"பாத்துக்கோ," என்று அம்மா அதனிடம் சொன்னாள். "சொந்த வீட்டுச் சோத்தை எழுதிக் குடுத்துட்டு வந்து உக்காந்திருக்காங்க."

---

சங்கத்து ஐஸ் லோரி எங்கள் வீடு இருக்கும் காஜா பேராங் சாலை வழியாகத்தான் போகும். ஐஸ் கட்டிகளுக்கு நடுவே சாக்கைப் போட்டு நாங்கள் உட்கார்ந்துகொள்வோம். ரஹீமாவுக்கு மட்டும் முன்னால் டிரைவருக்குப் பக்கத்தில் இடம். அவளுக்கு இது ஏழாம் மாதம். அவள் புருஷன் செங் ஊர்ப் பக்கம் ரப்பர் ஆலையில் வேலை செய்கிறான். அவன் வேண்டாம் என்று சொல்லியும் கயிற்றுக்கு வருகிறாள். அவள் மடியில் இரண்டு தட்டுகள் இருந்தன.

பின்னால் என் எதிரில் ரோஷன் பீவி. அம்மாவைவிட மூத்தவள். கயிற்றில் அம்மாவுக்கு அடுத்த கை அவளுடையது. வாயில் முதல் இடம்.

"என்ன கிராணியம்மா, பென்சில் சீவியாச்சா?" என்று கேட்டாள்.

நான் தலையாட்டினேன்.

"நல்லா சீவிக்க. இன்னைக்கு நாங்க மூச்சு விடுறதையும் எழுதணுமாம். பெரிய மூச்சு எவ்வளவு, சின்ன மூச்சு எவ்வளவுன்னு."

லோரியில் எல்லாரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. அதற்காக அவள்மேல் கொஞ்சம் நன்றி வந்தது. பிறகு, அவள் யாரோடும் எதற்கும் சிரிக்கும் நிலையில் இல்லை என்பதால்தான் சிரிக்கவில்லை என்று தோன்றியது.

ரோஷன் பீவியிடம் சொல்லிப் பார்த்தேன். கூலி என்றால் மீன் படாத நாளிலும் பணம் உண்டு; பங்கு என்றால் வெறுந்தட்டுதானே என்று. நான் கணக்குப் போட்டுத்தான் வைத்திருந்தேன்.

அவள் தன் தட்டை மடிக்கு இழுத்துக்கொண்டாள். "மாசக் கடைசியில அந்தக் காசு யார் கையில விழும்? என் மகன் கையில. இந்தத் தட்டு இருக்கே, இதை யாரும் என் கையிலேருந்து வாங்கினதில்ல."

அது என் கணக்கில் வரவில்லை.

---

அதிகாரியின் பெயர் பொன்னுதுரை. யாழ்ப்பாணத்துக்காரர். சிறிய காரைத் தென்னைமர நிழலில் விட்டுவிட்டு, சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு மணலில் நடந்து வந்தார். வெறுங்காலோடு வரும் அதிகாரியைக் கோபித்துக்கொள்வது கஷ்டமாக இருந்தது. கொட்டகையில் என் பழைய தாள்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். குறிப்பு எழுதியது யார் என்று கேட்டார். நான்தான் என்றேன்.

"வடிவா எழுதியிருக்கிறீர், பிள்ளை," என்றார்.

என் வாழ்க்கையில் இவ்வளவு வேண்டாத பாராட்டு கிடைத்ததில்லை. பக்கத்தில் மாமா நின்றிருந்தார்.

மாமா கெட்டவர் இல்லை. இதை நான் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் போன வாரத்து அத்தியாயத்தைப் படித்த சிலர் அப்படி நினைத்திருக்கலாம். சங்கம் வருவதற்கு முன் வலை, மீன் வாங்கும் சீன முதலாளி தவுக்கேயுடையது. அவர் வைத்ததுதான் விலை, அவர் சொன்னதுதான் நிறை. அந்த வாசலில் மாமா கைகட்டி நின்றதை நான் பார்த்திருக்கிறேன். நைலான் வலை வந்த அன்று அதைத் தோளில் போட்டுக்கொண்டு காஜா பேராங் முழுக்க நடந்தார். அந்த வலை போய்விடும் என்றால் அவருக்கு வேறு எதுவும் கண்ணில் படாது.

அவர் பெண்களைக் கூப்பிட்டுச் செய்தியைச் சொன்னார். இனிமேல் பங்கு கிடையாது, கூலிதான், சங்கத்து விதி, தன் கையில் ஒன்றும் இல்லை. சொல்லும்போது அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. மலாய்ப் பெண்களுக்கு அதையே மலாயில் சொன்னார். எல்லாரும் போய்க் கயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள்.

மாமா பெருமூச்சு விட்டார். அவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டது என்று அவர் நினைத்திருக்க வேண்டும். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

---

வலை நன்றாக வந்துகொண்டிருந்தது. தண்ணீருக்கு மேலே பறவைகள் தாழ்ந்து சுற்றின. கெம்போங் மீன் கூட்டம் என்று ஆண்கள் சொல்லிக்கொண்டார்கள். வலையில் மீன் சேரும் மடி முழங்காலளவு தண்ணீருக்கு வந்து, வெள்ளி வெள்ளியாக உள்ளே துடிப்பது தெரிய ஆரம்பித்தது.

அப்போது இடது கயிறு நின்றது.

அம்மா குதிகாலை மணலில் ஊன்றி, கயிற்றை இடுப்பில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பின்னால் ரோஷன் பீவி. அவளுக்குப் பின்னால், எல்லாரும் மக் சு, சின்னம்மா, என்று கூப்பிடும் மரியம், பிறகு மற்ற எல்லாரும். கயிற்றை விடவில்லை. இழுக்கவும் இல்லை.

ஆண்கள் இன்னும் இழுத்துக்கொண்டிருந்ததால் வலை ஒரு பக்கமாகக் கோணியது. மாமா கையை ஆட்டி அவர்களை நிறுத்திவிட்டு இந்தப் பக்கம் ஓடி வந்தார்.

"என்னக்கா இது?"

"ஒன்னுமில்ல தம்பி. கை வலிக்குது." அம்மாவின் குரல் சாதாரணமாக இருந்தது. "கூலிக்காரிக்குக் கை வலிச்சா நிப்பா. பங்குக்காரிதான் நிக்க மாட்டா."

"அக்கா, தண்ணி வத்துது. மீனு அடியில நழுவுது."

"நழுவட்டும். ஐயா வந்திருக்காங்கல்ல, போனதையும் எழுதிக்கச் சொல்லு."

ரோஷன் பீவி பின்னாலிருந்து, பெரிய மீன் எவ்வளவு போனது, சின்ன மீன் எவ்வளவு போனது என்று தனித்தனியாக எழுத வேண்டும் என்றாள்.

மாமா கெஞ்சினார். பிறகு மிரட்டினார். நாளைக்கே ஆண்களைக் கொண்டு இடது கயிற்றையும் இழுத்துவிடுவேன் என்றார். அம்மா கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள். மடியின் அடியிலிருந்து மீன்கள் ஒவ்வொன்றாக மின்னி மறைவதை நான் கொட்டகையிலிருந்தே பார்த்தேன். என் கையில் பென்சில் இருந்தது. எழுத ஒன்றும் இல்லை.

பொன்னுதுரை கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கி அம்மாவிடம் போனார். நானும் பின்னால் போனேன். யாரும் கூப்பிடவில்லை, ஆனால் நிற்க முடியவில்லை.

"அம்மா, நான் உங்கட மீனைப் பறிக்க வரேல்லை," என்றார். "இழுவைப் படகுகள் வரப்போகுது எண்டு கதைக்கினம். அதுகள் வந்து இந்தக் கடலை வழிச்சுக்கொண்டு போகேக்க, எங்கட கரையில இவ்வளவு மீன் இருந்தது எண்டு காட்ட இந்தத் தாள் மட்டும்தான் இருக்கும். எழுதாத மீனுக்காக ஒருத்தரும் வாதாட ஏலாது."

அவர் மனதாரச் சொன்னார் என்றே நினைக்கிறேன். அம்மாவும் அப்படித்தான் கேட்டாள்.

"நீங்க சொல்றது ஞாயம்தான். அப்ப, எழுதாத ஆளுக்காக யாருங்கய்யா வாதாடுவா?"

அவர் மடித்த கால்சட்டையை இன்னும் கொஞ்சம் மேலே ஏற்றிக்கொண்டார்.

"எங்க மீன தராசுல போட வேணாம்னு நான் சொல்லல," என்றாள் அம்மா. "போடுங்க. ஆனா அவங்கவங்க தட்டு அவங்கவங்க பேர்ல. என் தம்பி பேர்ல இல்ல."

உறுப்பினர்களின் பெயரைத்தான் எழுத முடியும், மற்றவர்களுக்குத் தாளில் இடமில்லை, அதுதான் விதி என்று அவர் விளக்கினார். மாமாவின் பெயரில் நிறுத்த மீன் முழுவதும் சங்கத்துக்குத்தான் போக வேண்டும், அதிலிருந்து யாருக்கும் பங்கு பிரிக்க முடியாது என்றும் சொன்னார். பொறுமையாகச் சொன்னார்.

"அது உங்க விதி," என்றாள் அம்மா. "கயிறு எங்க கையில இருக்கு."

ஒரு பெரிய அலை வந்து எல்லாரையும் இடுப்புவரை நனைத்தது. ரஹீமா தடுமாறினாள். பின்னால் நின்றவள் அவளை ஒரு கையால் அணைத்துப் பிடித்தாள். மற்றக் கை கயிற்றைவிட்டு நகரவில்லை.

மாமா மடியைப் பார்த்தார். பெண்களைப் பார்த்தார். அவர் கண்ணில் தண்ணீர் இருந்தது. கடல் தண்ணீரா என்று சொல்லத் தெரியவில்லை.

"சரி. இழுங்க. நிறுத்து எழுதிக்குவோம்."

"யார் பேர்ல?"

"உங்க பேர்லதான். இழு, அக்கா."

அம்மா அவரை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"மல்லி, நீ எழுதுவியா?"

அது அடுப்புக்குச் சொன்னதல்ல. திங்கட்கிழமைக்குப் பிறகு எனக்கென்று வந்த முதல் வார்த்தை. தாளில் இடமில்லை என்று அதிகாரி இப்போதுதான் சொன்னார். என் வேலை தற்காலிகமானது. சங்கம் நினைத்தால் நாளைக்கே வேறு ஆள். இதெல்லாம் எனக்கு ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது.

"எழுதறேன்மா," என்றேன்.

இடது கயிறு அசைந்தது.

---

தட்டுகள் மணலில் வரிசையாக உட்கார்ந்தன. மாமா முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டு அள்ளிப் போட்டார். அதிகாரி பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பதற்காக அவர் கை குறையவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

இதுவரை நடக்காதது அதற்குப் பிறகுதான் நடந்தது. பெண்கள் தட்டைத் தூக்கிக்கொண்டு வீட்டுப் பக்கம் போகவில்லை. கொட்டகைக்கு வந்து, தராசுக்கு முன்னால் வரிசையில் நின்றார்கள்.

அச்சடித்த கட்டங்கள் முடிந்த இடத்துக்குக் கீழே, பென்சிலால் கோடு போட்டு நானே கட்டம் வரைந்தேன். கோடு நேராக வரவில்லை. ரப்பரால் அழித்து மறுபடி போட்டேன்.

முதலில் அம்மா. சாரதாம்பாள் என்று எழுதிவிட்டு, உறுப்பினர்களுக்கு இன்னாருடைய மகன் என்று எழுதுவதுபோல இன்னாருடைய மனைவி என்று சேர்க்கவா என்று கேட்டேன்.

"கயிறு இழுத்தது நானு," என்றாள். "எம் பேரு போதும்."

மக் சு மரியம் தன் முறை வந்தபோது தட்டைத் தராசில் வைத்துவிட்டு, என் பென்சில் முனையையே பார்த்தபடி, "துலிஸ் நாமா சாயா எலோக்-எலோக்," என்றாள். என் பெயரை அழகாக எழுது என்று. மாலை வகுப்பில் வாத்தியார் சொல்லிக் கேட்டு எழுதியதெல்லாம் இந்த ஒரு பெயருக்காகத்தானோ என்று இருந்தது. எழுதி முடித்துத் தாளைத் திருப்பிக் காட்டினேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் வெகுநேரம் பார்த்தாள்.

ரோஷன் பீவி தன் நிறையைக் கேட்டுவிட்டு, "இவ்வளவுதானா? உன் தராசு என் மாமியார் மாதிரி குறைச்சல்தான் சொல்லுது," என்றாள். பொன்னுதுரைகூடச் சிரித்துவிட்டார்.

கடைசியில் ரஹீமா. ஒரு தட்டை வைத்தாள். எழுதினேன். இரண்டாவது தட்டை வைத்தாள்.

நிறை எழுதினேன், இரண்டு கட்டி; அந்தத் தராசில் எல்லாம் கட்டிக் கணக்குதான். மீன் வகை எழுதினேன். பெயர்க் கட்டத்தில் பென்சில் நின்றுவிட்டது. அவளுடைய பெயரை இரண்டாவது முறை எழுதினால் அது பொய். இது அவளுடைய தட்டு இல்லை. அந்தக் கட்டத்தை அப்படியே காலியாக விட்டேன்.

எல்லாரும் போன பிறகு பொன்னுதுரை என் பக்கத்தில் உட்கார்ந்து தாளைப் படித்தார். காலியான கட்டத்தில் விரலை வைத்தார்.

"இது ஆர்?"

சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டார்.

அவர் சொன்னதைச் சுருக்கித் தருகிறேன். சனிக்கிழமை சங்கத்தின் நிர்வாகக் குழு கூடுகிறது. அவர் போகிறார். கயிறு பிடிக்கும் பெண்களையும் பெயரோடு எழுதலாம் என்று தானே எடுத்துச் சொல்வார். குழு ஒத்துக்கொள்ளலாம். ஆனால் பிறக்காத பிள்ளை மீன் பிடித்ததாக ஒரு தாள் போனால் மேலே இருப்பவர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டு, அந்த ஒரு வரிசைக்காக முழுத் தாளையும் தள்ளிவிடுவார்கள்.

"அந்த ஒண்டை மட்டும் வெட்டிப்போட்டு, மிச்சத்தை மையால எழுதி நாளைக்கு அனுப்பும். பென்சிலால எழுதினதை அவை எடுக்க மாட்டினம்." எழுந்தவர் நின்றார். "பன்னிரண்டு பேருக்காக ஒரு வரிசையை விடுறது, பிள்ளை. யோசிச்சுச் செய்யும்."

அவர் சொன்னதில் எனக்கு ஒரு தப்பும் தெரியவில்லை. அதுதான் கஷ்டம்.

---

இன்றைக்கு மாலை வகுப்புக்குப் போகவில்லை. தாளை வீட்டு மேஜையில் விரித்து, மைக்கூட்டைத் திறந்து வைத்து, அந்தக் கடைசி வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மா மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். ரஹீமா தன் தட்டுகளோடு வந்திருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். ரஹீமாதான் முதலில் பேசினாள். அதை எடுத்துவிடு மல்லி, எனக்கு ஒரு தட்டு போதும், என்னால் மற்றவர்களுக்கு இல்லாமல் போக வேண்டாம் என்றாள். சொல்லிவிட்டு வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டாள்.

அதே நேரம் வாசலில் மாமாவின் சைக்கிள் சத்தம் கேட்டது. பொன்னுதுரை அவரிடமும் பேசியிருக்கிறார். மாமா உட்காரவில்லை.

"ஒரு கோடு, மல்லி. ஒரே ஒரு கோடு போடு, எல்லாம் முடிஞ்சுது. உங்கம்மா பேரும் நிக்கும், என் வலையும் நிக்கும்."

"அடிக்கலாம்," என்றாள் அம்மா, வாணலியிலிருந்து கண்ணை எடுக்காமல். "அதுக்கு முன்னாடி உன் மருமகளுக்கு ஒன்னு சொல்லு, தம்பி. நாப்பத்து மூணுல நான் எத்தனை தட்டு வச்சேன்?"

மாமா வாசலைத் திரும்பிப் பார்த்தார்.

அந்த வருஷத்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். அப்பா தம்பின் ஊரிலிருந்து மலாக்காவுக்கு வரும் ரயில் பாதையில் வேலை செய்தார். ஜப்பான்காரர்கள் அந்தத் தண்டவாளத்தைப் பெயர்த்துச் சயாமுக்குக் கொண்டுபோனார்கள். அதோடு அப்பாவையும் கொண்டுபோனார்கள். இரண்டும் திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு சில மாதம் கழித்து நான் பிறந்தேன். அம்மா கயிற்றுக்குப் போனது அப்போதிருந்துதான்.

"ரெண்டு தட்டு," என்றாள் அம்மா. "கயிறு புடிக்கத் தெரியாது எனக்கு. உள்ளங்கை ரெண்டும் பிஞ்சு போச்சு. மரியம் வந்து எந்தட்டுக்குப் பக்கத்துல இன்னொரு தட்டை வச்சா. எதுக்குன்னு கேட்டேன். வயித்தக் காட்டினா." வாணலியை இறக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "உன் மொதப் பங்கு நீ பொறக்கறதுக்கு முன்னாடியே வந்துது. அத அடிச்சிட்டு மேல எழுதணும்னா, எழுது. எம் பேரையும் சேத்து அடிச்சிடு."

மாமா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எனக்கும் தெரியும், அக்கா. எல்லாம் தெரியும். ஆனா வலை போச்சுன்னா மறுபடி தவுக்கே வாசல். நீ வந்து நிப்பியா அங்க?"

"நிப்பேன்," என்றாள் அம்மா. "கைகட்டி நிக்க மாட்டேன்."

நான் பேனாவில் மை நிரப்பினேன்.

சாரதாம்பாள். ரோஷன் பீவி. மரியம். பென்சில் எழுத்தின் மேலேயே ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டு வந்தேன். என் கையெழுத்து மையில் எப்போதும் கொஞ்சம் சாய்ந்துவிடும். இன்று நேராக நின்றது. அல்லது அப்படி எனக்குத் தோன்றியது. ரஹீமா என்று எழுதினேன். அடுத்த கட்டம் வந்தது.

"மல்லி," என்றார் மாமா.

அந்தக் கட்டத்தில் மலாயில் 'அனாக் ரஹீமா' என்று எழுதினேன். ரஹீமாவின் பிள்ளை. மீன் வகை: கெம்போங். நிறை: இரண்டு கட்டி. அடியில், எழுதியவர் என்ற இடத்தில் என் பெயரைப் போட்டேன். அதற்கு முன்னால் பென்சிலால் எழுதிப் பார்க்கவில்லை.

மாமா கிட்ட வந்து அதைப் படித்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"நாளைக்கு எடக் கயித்துக்கும் ஆம்பளைங்களத்தான் கூப்பிடப் போறேன்," என்று அம்மாவிடம் சொன்னார். "சனிக்கிழமை என்ன முடிவாகுதோ ஆகட்டும். அதுவரைக்கும் நீங்க யாரும் கரைக்கு வர வேணாம். லோரியிலயும் ஏத்த வேணாம்னு சொல்லிட்டேன்."

"கூப்பிடு," என்றாள் அம்மா. "லோரி இல்லாம நாங்க கிளேபாங்குக்கு நடந்ததே இல்லையா? சாப்பிட்டுட்டுப் போ, மீன் ஆறுது."

அவர் சாப்பிடவில்லை. சைக்கிள் சத்தம் சந்து திரும்பும்வரை கேட்டது.

ரஹீமா தாளின்மேல் குனிந்தாள். எந்த எழுத்து என் பிள்ளை என்று கேட்டாள். காட்டினேன். பிறகு அவள் எழுந்து வாசலுக்குப் போய், தன் இரண்டு தட்டுகளையும் காலையில் எடுத்துக்கொள்ள அங்கே எங்கள் செருப்புகளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, இருட்டும் முன் வீட்டுக்கு நடந்தாள்.

காற்று தாளைத் தூக்கியது. அம்மா தன் தட்டை எடுத்து வந்து, மை படாத ஓரமாகப் பார்த்து அதன்மேல் வைத்தாள்.

"காலையில வெள்ளனா எழுப்பிவிடு," என்றாள் என்னிடம். "நடக்கறதுன்னா நேரமாகும்."